வேனிலேயே தங்கி மலைக்குப் போகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் வண்டியைக் குறைந்த செலவில் கதகதப்பாக வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கையும் சின்னச் சமையல் மேடையும் வைத்துத் தங்கும் வண்டியாக மாற்றி ஆறு வருடம் ஆகிறது. வீடு மதுரையில். மார்கழி, தை வந்தால் கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் என்று கிளம்பிவிடுவோம். இரண்டு முறை மூணாறு, ஒரு முறை ஊட்டி. வண்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ், அடுத்தது, "ராத்திரி குளிருக்கு என்ன பண்றீங்க?" போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். சில பதில்கள் உயிர் சம்பந்தப்பட்டவை. அவசரத்தில் இருந்தால் நெருப்பு பற்றிய கேள்வியையும் அலாரம் பற்றிய கேள்வியையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

மதுரையில் இருக்கும் வண்டிக்கு ஹீட்டர் எதற்கு?

மதுரைக்குள் தேவையே இல்லை. மார்கழி விடியற்காலையில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்கினால் கதை வேறு. மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் இறங்கும். காலையில் பனியனோடு கிளம்பியவர் மாலையில் ஸ்வெட்டர் தேடுவது அதனால்தான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கொடைக்கானலில் 8, 10 டிகிரி சாதாரணம். வானம் தெளிவாக இருந்து காற்றும் ஓய்ந்த இரவுகளில் ஜிம்கானா மைதானத்துப் புல்லில் உறைபனியே படியும். ஊட்டி இன்னும் கொஞ்சம் உயரம், சுமார் 2,240 மீட்டர். மூணாறும் மேகமலையும் 1,500 மீட்டரை ஒட்டியவை என்பதால் ஓரளவு பரவாயில்லை.

8 டிகிரியைச் சுவர் வைத்த வீட்டில் இரண்டு போர்வையோடு சமாளிக்கலாம். மெல்லிய தகரமும் ஒற்றைக் கண்ணாடியுமாக இருக்கும் பெட்டிக்குள் அதே 8 டிகிரி எலும்பு வரை போகும்.

முதலில் எதில் பணம் போடுவது? ஹீட்டர்தானே?

இல்லை. முதல் 3,000 ரூபாயை ஜன்னலில் போடுங்கள். அடுத்தது படுக்கையில். ஹீட்டர் மூன்றாவது. இந்த வரிசையில் போனவர்களில் பாதிப் பேருக்கு ஹீட்டரே தேவைப்படாது.

நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவன். முதல் வருடம் ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டரை வாங்கிக்கொண்டு, கொடைக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேக்காரர் வாசலில் நிறுத்தி, அவரிடம் கரண்ட் எடுத்து ஓட்டினேன். ஹீட்டருக்கு நேரே இருந்தவருக்குக் கால் சுட்டது. ஜன்னலோரம் படுத்தவருக்குப் பல் தந்தியடித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு மகள் எழுந்து, "அப்பா, மழை பெய்யுது" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால் மேல் தகரத்தின் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் ஒரு முத்து மாதிரி தண்ணீர் திரண்டு நிற்கிறது. அதில் ஒன்றுதான் அவள் கன்னத்தில் விழுந்திருக்கிறது. நாங்கள் விட்ட மூச்சுதான் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகித் திரும்ப எங்கள்மேலேயே சொட்டியது.

ஒரு கணக்கு சொல்கிறேன். உள்ளேயும் வெளியேயும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக ஏறக்குறைய 50 முதல் 60 வாட் வெளியேறும். முன் கண்ணாடி, பக்க ஜன்னல்கள், பின்கதவுக் கண்ணாடி எல்லாம் சேர்த்து 6 சதுர மீட்டர் என்றால் 300 வாட்டுக்கு மேல். ராத்திரி முழுக்க ஒரு பழைய குண்டு பல்பு நான்கைந்தை வெளியே எரியவிட்ட மாதிரி. கண்ணாடியை மட்டும் மூடினாலே வண்டியின் குணம் மாறிவிடும்.

ஜன்னல் மறைப்பை நீங்களே செய்தீர்களா? எப்படி?

பாதி நான், பாதி தையல்காரர். கூரை ஷீட்டுக்கு அடியில் ஒட்டுவார்களே, இரு பக்கமும் பளபளவென்று அலுமினியம், நடுவே காற்றுக் குமிழ், அந்த பபிள் ஷீட்தான் மூலப்பொருள். ஹார்ட்வேர் கடையிலும் ரூஃபிங் சாமான் விற்கும் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் முதலில் பழைய செய்தித்தாளை ஒட்டி, விளிம்போடு விளிம்பாக வெட்டி அளவு எடுத்தேன். ஒரே மாதிரி தெரியும் ஜன்னல்கள்கூட அரை அங்குலம், முக்கால் அங்குலம் மாறும், அதனால் ஒன்றின் அளவை வைத்து மற்றதை வெட்டாதீர்கள். அளவைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக ஷீட்டை வெட்டிக்கொண்டேன். அறைப் பக்கம் தடித்த துணி, நடுவே ஒரு அடுக்கு ஃபோம், வெளிப்பக்கம் ஷீட். தைத்துக் கொடுத்தவர் முன்பு புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்த தையல்காரர். இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார். "ஓரத்துல சும்மா மடிச்சு அடிச்சா நிக்காது தம்பி, உள்ள காந்தம் வச்சுத் தைப்போம்" என்பது அவர் யோசனை. விரல் நீளக் காந்தப் பட்டைகளை ஓரத்துக்குள் வைத்துத் தைத்தார். ஜன்னலைச் சுற்றி இருக்கும் தகரத்தில் டப்பென்று ஒட்டிக்கொள்கிறது. காலையில் ஒரு இழுப்பு, கையோடு வந்துவிடும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் வைத்தும் பார்த்தேன். குளிரில் ரப்பர் விறைத்து நடு இரவில் ஒவ்வொன்றாக விழுந்தது.

ஓரம் விட்டால் பயனில்லை. மறைப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று உலாவினால், அறைக் காற்று அங்கே போய்க் குளிர்ந்து கீழே வழிந்து உங்கள் தலைமாட்டில் இறங்கும். முன் கண்ணாடிக்கு மறைப்பு செய்தாலும் போதாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மேலிருந்து தரை வரை ஒரு திரை கட்டிவிடுங்கள். நாங்கள் இரண்டாக மடித்த பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிடுகிறோம். சூடாக்க வேண்டிய இடமே கால்வாசி குறைந்துவிடும்.

கூரை, சுவர், தரைக்கு என்ன போடலாம்?

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் ஊரில் சொல்வார்களே, வேனுக்கு அது அப்படியே பொருந்தும். மேகமில்லாத இரவில் கூரைத் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். காலையில் வண்டியின் பக்கங்கள் காய்ந்திருக்க, மேல் தகரம் மட்டும் நனைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் பணம் குறைவாக இருந்தால் சுவரை விட்டுவிட்டுக் கூரைக்குப் போடுங்கள்.

ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் ஃபோம் 19 அல்லது 25 மில்லி மீட்டர் ஷீட்டாகக் கிடைக்கும். தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். நடுவில் காற்று நின்றால் அங்கே நீர் கோத்துத் துருப்பிடிக்கும். தெர்மோகோல் மலிவுதான், ஆனால் தீப்பிடித்தால் உருகிச் சொட்டி எரியும். தலைக்கு மேல் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தரைக்கு ரப்பர் மேட், அதன்மேல் இரண்டு கோரைப் பாய். கோரைக்குள் காற்று நிற்பதால் கால் சில்லிடாது.

படுக்கைக்கு என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் செலவு குறைவு, பலன் அதிகம். அறைக் காற்று முழுவதையும் சூடாக்குவதைவிட, போர்வைக்குள் இருக்கும் ஒரு ஆள் அளவு காற்றைச் சூடாக்குவது எத்தனை சுலபம்!

குளிர் கீழிருந்தும் நிறைய வரும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழே மெல்லிய ஃபோம் மெத்தை உடம்பு பாரத்தில் அமுங்கினால் முதுகு விறைக்கும். நான் போடியிலிருந்து இலவம் பஞ்சு மெத்தை வாங்கினேன். இலவம் பஞ்சின் இழைக்குள் குழாய் மாதிரி வெற்றிடம், பெரும்பகுதி காற்றுதான். தண்ணீரும் எளிதில் ஏறாது. பலகை, கோரைப் பாய், இலவம் மெத்தை, மேலே கம்பளி, அதற்கும் மேலே காற்று நுழையாத ஒரு போர்வை. இந்த அடுக்கு போதும். ஒரு எச்சரிக்கை: இலவம் பஞ்சு சட்டென்று பற்றிக்கொள்ளும். ஹீட்டரின் சூட்டுக்காற்று வரும் வாய்க்கு அருகே படுக்கை வரக் கூடாது.

அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ரப்பர் வெந்நீர்ப் பை. 2 லிட்டர் வெந்நீர் 70 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது ஏறக்குறைய 93 வாட்-மணி சூட்டைப் படுக்கைக்குள் விடுகிறது. 60 வாட் மின்போர்வையை ஒன்றரை மணி நேரம் போட்டதற்குச் சமம், பேட்டரியைத் தொடாமலேயே. படுக்கப் போவதற்குக் கால் மணி நேரம் முன்பே கால்மாட்டில் வைத்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி, காற்றைப் பிதுக்கி எடுத்து மூடி, துண்டில் சுற்றி வையுங்கள். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்காது. தோல் வெந்தபின்தான் தெரியும். அவர்கள் காலில் படும்படி வைக்கவே கூடாது. கைக்குழந்தைக்கும் வேண்டாம்.

தலைக்குக் குல்லா, காலுக்குக் காய்ந்த சாக்ஸ். பகல் முழுக்கப் போட்ட சாக்ஸ் வேர்வையில் நனைந்திருக்கும், அதோடு படுத்தால் கால் சூடே ஏறாது. மன்னவனூரில் மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கம்பளிக்கான ஆடுகளை வளர்க்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் ஜனவரிக் காலையில் மேய்ச்சலுக்குக் கிளம்பும் மந்தையைப் பாருங்கள். மேல்கம்பளியில் பனித்துளி வெள்ளையாக நிற்க, ஆடு பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

கணப்புச் சட்டி, கரி அடுப்பு, கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் உள்ளே எரியவிட்டால் என்ன?

வேண்டாம். கொஞ்ச நேரம்கூட வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு என்றாலும் வேண்டாம்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. மலைக்கு வந்தவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். வளைவு வளைவாக ஏறி வந்ததில் எப்படியும் தலை சுற்றும், வாந்தி வரும். "மலை ஏறின மயக்கம், படுத்தா சரியாயிடும்" என்று படுத்துவிடுகிறார்கள். தூக்கத்தில் உடம்பு எழுப்பாது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு பேர் காலையில் எழவில்லை. அதே வருடம் டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழைந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அவர்கள் உள்ளே நெருப்பே மூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வண்டிக்கு அடியிலோ பின்கதவு ஓரத்திலோ ஓடவிட்டுத் தூங்கக் கூடாது.

தீ விபத்தைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் நம் ரயில் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் போனார்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள். நின்றுகொண்டிருந்த பெட்டி, சுற்றிலும் ஆட்கள் இருந்த இடம், அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. வேன் அதைவிடச் சின்னப் பெட்டி, பெரும்பாலும் ஒரே கதவு.

சமைப்பதற்கு அடுப்பு எரிப்பது வேறு. அப்போது கதவும் மேல் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை அணைக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தரையாகப் பரவி, தாழ்வான படுக்கைக்குத்தான் முதலில் வரும்.

வெளிநாட்டுக் கேரவன்களில் கேஸ் ஹீட்டர்தானே இருக்கிறது?

ஆமாம். ஐரோப்பாவில் பல வண்டிகளில் கேஸில் ஓடும் ஹீட்டர் உண்டு, ஜெர்மனியின் ட்ரூமா அதில் பெயர் பெற்றது. ஆனால் அதில் நெருப்பு மூடிய அறைக்குள் எரியும். எரிவதற்கான காற்று வெளியிலிருந்து குழாயில் வரும், புகை வெளியே போகும். சூடான உலோகத்தைத் தொட்டு வரும் அறைக் காற்று மட்டும் உள்ளே சுற்றும். நம் ஊரில் கிடைக்கும் திறந்த தணல் கேஸ் ஹீட்டரோடு அதை ஒப்பிடக் கூடாது. திறந்த தணலில் 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் ஆவியாகி அறைக்குள்ளேயே நிற்கும், அதனால் வண்டி சூடாவதோடு நனையவும் செய்யும். வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த சிலிண்டரை வண்டிக்குப் பயன்படுத்துவது சட்டப்படியும் தவறு.

அப்படியானால் எந்த ஹீட்டர்? டீசல் ஹீட்டர் நல்லதா?

வருடத்தில் பத்து இரவுக்கு மேல் மலையில் தங்குகிறவர்களுக்கு நல்லது. இரண்டு மூன்று இரவுதான் என்றால் அந்தப் பணத்தை மெத்தையிலும் ஜன்னலிலும் போடுங்கள்.

டீசல் ஹீட்டர் லாரி டிரைவர்களுக்காக வந்த பொருள். வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் என்ற ஜெர்மன் கம்பெனிகளுடையவை விலை அதிகம். அதே அமைப்பில் சீனத் தயாரிப்புகள் அதில் ஒரு பங்கு விலைக்கு ஆன்லைனில் கிடைக்கின்றன. நான் வைத்திருப்பதும் சீனத்து 2 கிலோவாட் தான். மூடிய அறையில் டீசலை எரித்து, புகையை வெளியே தள்ளி, சூட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். குறைந்த வேகத்தில் மணிக்கு 100 மில்லியை ஒட்டி டீசல் குடிக்கும், முழு வேகத்தில் கால் லிட்டர். ஒரு இரவுக்கு 1 லிட்டர் போதும். செலவு அந்த ஒரு லிட்டர் டீசல் விலையோடு முடிந்துவிடும். பற்றவைக்கும் சில நிமிடம் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், பிறகு ஒன்று, இரண்டு ஆம்பியர்தான்.

5 கிலோவாட் வாங்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சின்ன வண்டியில் அது எப்போதும் குறைந்த வேகத்திலேயே ஓடி, சரியாக எரியாமல் உள்ளே கரி பிடித்துக்கொள்ளும்.

கரி பற்றிச் சொல்லும்போது நம் மலைக்கே உரிய சிக்கல் ஒன்று. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளும், ஆக்சிஜன் மட்டும் குறையும். அதனால் புகை கறுக்கும், எரியும் அறை அடைக்கும். பல ஹீட்டர்கள் 1,500 மீட்டர் வரைக்கும்தான் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடும்படி அமைக்கப்பட்டவை. வாங்கும்போதே உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். எனக்கு இது தெரியாமல் இரண்டாவது வருடம் பூம்பாறையில் நடு ராத்திரி ஹீட்டர் நின்றது. மதுரைக்கு வந்து கழற்றிப் பார்த்தால் உள்ளே அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது. இப்போது மலையில் இருக்கும் வரை அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டுத்தான் அணைக்கிறேன். இறங்கி வந்ததும் இன்னொரு முறை. அதற்குப் பிறகு அடைக்கவில்லை.

பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

புகைக் குழாய் வண்டிக்கு அடியிலேயே முடியக் கூடாது, பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். கதவும் ஜன்னலும் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விடுங்கள். காற்று இழுக்கும் குழாயும் புகைக் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தன் புகையைத் தானே குடிக்கும். தரையில் போட்ட துளையைத் தகட்டோடும் சூடு தாங்கும் சிலிகானோடும் அடைக்க வேண்டும். பொருத்திக் கொடுத்தவர் என் வண்டியில் வெறும் டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார். அடுத்த நாள் படுத்துக் கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது. அதனால் வேலை முடிந்ததும் நீங்களே கீழே படுத்துப் பாருங்கள்.

டீசல் பம்பைப் படுக்கவைக்காமல் வெளியேறும் முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்துப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் தங்கும். அணைக்கும்போது பேட்டரி ஸ்விட்சை நேராக ஆஃப் செய்யாதீர்கள். ஹீட்டர் தானாக விசிறியைச் சில நிமிடம் ஓட்டி ஆறவைத்துக்கொள்ளும். அதை நடுவில் துண்டித்தால் உள்ளே இருக்கும் சூடு பாகங்களைக் கெடுக்கும். காய்ந்த சருகின்மேல் நிறுத்தி ஓட்டாதீர்கள், புகைக் குழாய் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்.

இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால்?

கூடாது. மணிக்கு முக்கால், ஒரு லிட்டர் டீசல் வீணாவதோடு, காற்றில்லாத இரவில் சைலன்சர் புகை வண்டியைச் சுற்றியே நிற்கும். உங்கள் வண்டியில் கேபின் ஹீட்டர் இருந்தால் ஒன்று செய்யலாம்: பெருமாள்மலை தாண்டியதும் அதைப் போட்டுவிடுங்கள். இன்ஜின் சூடு எப்படியும் வீணாகத்தான் போகிறது. போய்ச் சேரும்போது மெத்தையும் தரையும் சூடேறியிருக்கும்.

ஹோம்ஸ்டேயில் கரண்ட் கிடைத்தால் எதைப் போடலாம்?

ஆயில் ஹீட்டர், அதாவது உள்ளே எண்ணெய் நிரப்பி மூடிய மின் ஹீட்டர். சத்தமில்லை, தணல் தெரியாது, அணைத்த பிறகும் சூடு நிற்கும். 1,000 வாட்டில் 8 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். தெர்மோஸ்டாட் இருப்பதால் உண்மையில் அதற்கும் குறையும். எவ்வளவு ஓடும் என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லி, பணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கும் பழைய வீடுகளில் வயரிங் மெலிதாக இருக்கலாம், 15 ஆம்பியர் பாயிண்ட் எது என்று கேட்டு அதில் மட்டும் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லி மீட்டர் இருக்கட்டும். ரீலில் சுற்றியபடியே பயன்படுத்தினால் சூடேறி உருகும், முழுவதையும் அவிழ்த்துத் தரையில் போட வேண்டும்.

பேட்டரியில் ஹீட்டர் ஓட்ட முடியுமா என்றால் முடியாது. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே 1,200 வாட்-மணிதான்; 1,500 வாட் ஹீட்டர் அதை ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். 12 வோல்ட் மின்போர்வை மட்டும் தாங்கும்: 50 வாட் என்றால் 8 மணி நேரத்துக்கு 400.

குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடலாமா?

மேல் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவையுங்கள், கீழே எங்காவது காற்று வரச் சின்ன வழி இருக்கட்டும். ஒருவர் ராத்திரி முழுக்க மூச்சிலும் வேர்வையிலும் விடும் நீர் கால் லிட்டருக்குக் குறையாது. நான்கு பேர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரை மெத்தையில் கொட்டிய மாதிரி. அது வெளியேற வேண்டும். ஈரத் துண்டை உள்ளே காயப்போடாதீர்கள்.

அலாரம் அவசியமா?

டீசல் ஹீட்டரோ, கேஸ் அடுப்போ, ஜெனரேட்டரோ எது இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் வண்டியில் தூங்காதீர்கள். வடகரையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் இன்னொரு வண்டியின் ஜெனரேட்டரும் உங்கள் ஜன்னலுக்குப் புகை அனுப்பலாம். அலாரத்தைப் படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். அந்த வாயு கிட்டத்தட்டக் காற்றின் கனம்தான், அதனால் கூரையில் வைக்க வேண்டும் என்பதில்லை. கேஸ் கசிவு அலாரம் வேறு, அது தரையை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்பக்கம் மாற்ற வேண்டிய வருடம் அச்சிட்டிருக்கும்.

அலாரம் அடித்தால் காரணம் தேடாதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இறக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எங்கே நிறுத்தினால் குளிர் குறைவு?

குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு ஓடும். ஏரிக்கரையும் ஓடைக்கரையும் பார்க்க அழகு, ராத்திரிக்கு ஆகாது. கொஞ்சம் மேட்டில், காற்றை மறைக்கும் சுவரோ கட்டடமோ இருக்கும் இடத்தில், கிழக்கு திறந்திருக்கும்படி நிறுத்துங்கள். காலை வெயில் முதலில் உங்கள் வண்டிமேல் விழும். பெரிய மரத்தடி பனியைத் தடுக்கும், ஆனால் காற்று நாட்களில் கிளை விழும் என்பதால் நான் தவிர்க்கிறேன். காட்டுச் சாலையில் இரவு நிறுத்துவது அறவே கூடாது, வனத்துறை விடாது, யானையும் காட்டெருமையும் நடமாடும் இடம். ஹோம்ஸ்டே வாசலில் இடம் கேட்டு நிறுத்துவதே நிம்மதி. 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போக இ-பாஸ் உண்டு, கிளம்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?

வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மறைப்பு, மெத்தை, பாய் போன்றவை பிரச்சினை இல்லை. சீட்டைக் கழற்றுவது, தரையில் துளை போட்டு ஹீட்டர் வைப்பது என்று போனால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப்போகலாமா?

போகலாம், அம்மாவை இரண்டு முறை கூட்டிப்போனேன். அவருக்கு ஜன்னலை விட்டுத் தள்ளி நடுப்படுக்கை. ராத்திரி எழுந்து வெளியே போக வேண்டியிருந்தால் செருப்பும் சால்வையும் டார்ச்சும் கைக்கெட்டும் இடத்தில். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். கிளம்பும் நாள் மதுரையில் பருத்திப்பால் வாங்கி ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொள்வோம். சுக்கு வாசனையோடு பெருமாள்மலைக் குளிரில் அதை ஊதிக் குடிக்கும்போது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

என் வண்டிக்கு ஆனதைச் சொல்கிறேன். ஜன்னல் மறைப்பு தையல் கூலியோடு 3,000. கூரை ஃபோம் 7,000. மெத்தை, பாய், கம்பளி 6,000. வெந்நீர்ப் பை மூன்று, அலாரம் இரண்டு சேர்த்து 4,000. இதுவரை 20,000. டீசல் ஹீட்டர் பொருத்தும் கூலியோடு இன்னொரு 20,000. அதை மூன்றாவது குளிர்காலத்தில்தான் சரியாகப் பொருத்தி முடித்தேன் என்று சொல்லலாம். ஒரே தடவையில் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. அலாரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

குளிர்காலம் முடிந்ததும் இவற்றை என்ன செய்வது?

மெத்தையையும் கம்பளியையும் மொட்டைமாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துக் கட்டிவையுங்கள். ஹீட்டரை மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் டீசல் உள்ளேயே பிசினாகிவிடும். ஜன்னல் மறைப்பைக் கழற்றவே வேண்டாம். சித்திரை வெயிலில் தெருவில் நிற்கும் வண்டிக்கு அதே மறைப்பு சூட்டைத் தடுக்கிறது. போன திருவிழாவுக்கு ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மதியத் தூக்கத்துக்கு வீட்டை விட்டுவிட்டு வண்டியைத்தான் கேட்டார்கள்.